கேள்விக் குறைவு

1

என் பேத்திக்குப் பேச்சு சரியாகப் பிடிபடாது என்று தெரிந்துகொண்டே, அவளுக்குப் பிடிபடாதபடி பேசி, அவள் தப்பாக வாங்கிக்கொண்டதை எழுதி, உங்களைச் சிரிக்க வைத்தேன். இதே இதழில், இதே பக்கத்தில், பல வருடங்கள் இது நடந்தது. நீங்கள் சிரித்தீர்கள். நான் பெயர் வாங்கினேன்.

எப்படிச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய மின்விசிறி நிற்கிறது. வேகத்தைக் கூட்டினால் கடகடவென்று அடிக்கும். எழுத விஷயம் கிடைக்காத மாதங்களில் அதைக் கூட்டி வைப்பேன். தொலைக்காட்சியில் செய்தி ஓடும். பேத்தி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள். நான் அவள் முதுகுப் பக்கம், சமையலறை வாசலில் நின்று, நீளமாக ஒரு வாக்கியத்தை வேகமாகச் சொல்லுவேன். அவள் திரும்பிப் பார்ப்பாள். பாதி கேட்டதை வைத்து மீதியை ஊகித்து ஏதோ பதில் சொல்லுவாள். அதைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன். சில நாள் முதல் தடவையிலேயே சரியாகக் கேட்டுவிடுவாள். அப்படிப்பட்ட நாட்களில் சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டிருக்கிறேன்.

குழந்தை சரியாகக் கேட்டுவிட்டாளே என்று ஏமாந்துபோய்க் குழாயைத் திறக்கிற கிழவனை உங்களால் கற்பனை செய்ய முடிகிறதா? எனக்குக் கற்பனை வேண்டாம். காலையில் சவரம் செய்யும்போது பார்க்கிறேன்.

இந்தக் கட்டுரையை எழுத அவள் அனுமதி தந்திருக்கிறாள். நிபந்தனைகளோடுதான். அவள் பெயர் வரக்கூடாது. அவள் தப்பாகக் கேட்ட சொல் ஒன்றுகூட வரக்கூடாது. ஆகவே எதற்காக இந்தப் பக்கத்தைத் திருப்புவீர்களோ, அது இன்றைக்கு இல்லை.

2

திருவனந்தபுரத்து வாழ்க்கையைப் புலம்பெயர்ந்த வாழ்க்கை என்று சொல்வதே கொஞ்சம் மிகைதான். திருநெல்வேலியில் காலையில் ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குத் தம்பானூரில் இறங்கிவிடலாம். ஆனாலும் கல்லூரிப் படிப்பு முடித்து இங்கே ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வந்து சேர்ந்தபோது எனக்கு இது வேறு தேசமாகத்தான் இருந்தது. எல்லாம் பாதி புரியும். அதுதான் கஷ்டம். ஒன்றுமே புரியாத ஊரில் ஜாக்கிரதையாக இருப்போம். பாதி புரிகிற ஊரில் அசடு வழிவோம்.

சேர்ந்த வாரத்தில், கேன்டீனில் மூத்த குமாஸ்தா ஒருவர் கேட்டார்: “கல்யாணம் கழிஞ்ஞோ?” ஆயிற்றா என்று கேட்கிறார். திருநெல்வேலிக்காரனுக்குக் கழிவது என்றால் வேறொன்று. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு மாதம், கோப்பு கொடுக்க வருகிறவனெல்லாம் “பாண்டிக்கு கழிஞ்ஞோ?” என்று கேட்டுவிட்டுப் போவான். பாண்டி என்பது இங்கே நம்மை இளப்பமாகச் சொல்கிற பெயர். கேட்கும்போதெல்லாம் நானும் கூடச் சிரிப்பேன். அறைக்குப் போய்த் தலையணையைக் குத்துவேன். அந்தக் குமாஸ்தாவின் வெற்றிலைப் பல்லும், அவன் சிரிக்கும்போது வரும் புகையிலை வாடையும் இன்னமும் எனக்கு நினைவிருக்கின்றன.

இதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். ஓய்வு பெற்றபின் இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியபோது முதலில் எழுதியது அதுதான். அடுத்து வெள்ளம், பட்டி, சம்சாரம் என்று இரண்டு மொழியிலும் பொருள் மாறுகிற சொற்களை ஒவ்வொன்றாகச் செலவழித்தேன். சரக்கு சீக்கிரம் தீர்ந்தது. அப்போது பேத்திக்குப் பேச்சு வந்திருந்தது. வீட்டில் தமிழ், தெருவிலும் பள்ளியிலும் மலையாளம். யார் எது சொன்னாலும் “ஆங்?” என்று கேட்பாள். மறுபடி சொன்னால் வேறு எதையோ பிடித்துக்கொண்டு வருவாள். இரண்டு மொழியின் நடுவில் மாட்டிக்கொண்ட குழந்தை என்று நான் முடிவுகட்டினேன். உங்களுக்கும் அப்படியே சொன்னேன். புலம்பெயர்ந்தவன் சொன்னால் ஊரில் இருப்பவர் நம்பிவிடுகிறார்.

எங்கள் வீடு ஆரியசாலையில், மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பின்னால் உள்ள சந்தில். விடிந்தால் லாரி வந்து நிற்கும். மூட்டை இறக்குகிறவர்களின் கூச்சல், ஆட்டோ ஹாரன், எதிர்க் கடை ஷட்டர். வீட்டுக்குள்ளே சிமெண்ட் சுவர், மொசைக் தரை. ஒரு கரண்டி விழுந்தால் மூன்று கரண்டி விழுந்த மாதிரி கேட்கும். இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் குழந்தை எங்கள் வாயிலிருந்து வரும் சொற்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தது. அதைக் கண்ணெதிரே பார்த்தும், அந்தச் சத்தத்தோடு நானும் கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.

3

அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது வகுப்பு டீச்சர் என்னைக் கூப்பிட்டார். பள்ளிக்குக் கொண்டுவிடுவதும் அழைத்துவருவதும் என் வேலை. மகனுக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் ஷிஃப்ட். மருமகள் பிரேமா ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், விடியற்காலையில் கிளம்பிவிடுவாள்.

டீச்சர் சொன்னார்: “ஸாரே, மோள்க்கு கேள்விக் குறவு உண்டோ எந்நொரு சம்சயம். ஒந்நு டெஸ்ட் செய்யிக்கணம், கேட்டோ.”

மலையாளத்தில் கேள்வி என்றால் கேட்கும் திறன். குழந்தையின் காதைச் சோதிக்கச் சொல்கிறார். நம் பழைய தமிழிலும் கேள்வி என்பது காதால் வாங்குவதுதான். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் என் வாய் எப்போதும் ஒரு ஜோக்குக்குத் தயாராக இருந்தது.

“கேள்வி குறஞ்ஞால் நல்லதல்லே டீச்சரே? வீட்டில் சமாதானம் உண்டாவும்.”

அவருக்குப் புரியவில்லை. தமிழில் கேள்வி என்றால் வினா என்று விளக்கினேன். மரியாதைக்குச் சிரித்தார். “அதல்ல ஸாரே...” என்று மறுபடி தொடங்கினார். வீட்டில் இரண்டு பாஷை, அதனால்தான், வளர வளரச் சரியாகும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாதம் எழுதிய கட்டுரைக்குத்தான் ‘கேள்விக் குறைவு’ என்று தலைப்பு. நான் எழுதியவற்றில் அதிகமாகத் தொலைபேசி வந்தது அதற்கு. ‘கேள்வி கேட்காத பெண்பிள்ளை கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்’ என்ற வரியைச் சிலர் மனப்பாடமாகச் சொன்னார்கள்.

டீச்சர் சொன்னதை நான் பிரேமாவிடம் சொல்லவில்லை. அவள் எல்லையோரத்துப் பாறசாலைப் பக்கத்துப் பெண். தமிழ் நன்றாகப் படிப்பாள். இதழ் வந்ததும் படித்துவிட்டுக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள்.

“மாமா, டீச்சர் எப்ப இப்பிடிச் சொன்னாங்க? எங்கிட்ட சொல்லலியே?”

“சொல்லலேம்மா. ஒரு சுவைக்காக நானே சேர்த்தது.”

“பிள்ளைய வச்சு எழுதாதீங்கன்னு எத்தன தடவ சொல்லியாச்சு.”

“அவளுக்குத்தான் தமிழ் படிக்கத் தெரியாதே” என்றேன்.

நம் பிள்ளைகள் இங்கே தமிழ் எழுத்தை மறந்துபோகிறார்கள் என்று உருகி உருகி இரண்டு கட்டுரை எழுதியவன் நான். என் வீட்டில் அந்த மறதி எனக்கு வசதியாக இருந்தது.

வீட்டில் “ஆங்?” என்பதற்கும் நானே தடை போட்டேன். “ஆங் என்ன ஆங்? மாடு கத்துற மாதிரி. ஒழுங்காக் காதக் குடுத்துக் கேளு” என்பேன். குழந்தை மெல்ல மெல்ல அதை விட்டது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் தலையை ஆட்டக் கற்றுக்கொண்டது. நான் எழுதிய தலைப்பு தமிழ்ப் பொருளிலும் உண்மையாயிற்று.

4

அதற்கு இரண்டு வருடம் கழித்து நம் திருநெல்வேலியில் ஒரு கல்யாணம். உங்களில் சிலர் அங்கே இருந்தீர்கள். இதை எழுதலாமா என்று பேத்தியிடம் கேட்டேன். “எழுது. அது அவங்க செஞ்சதுதானே, நான் செஞ்சதில்லையே” என்றாள்.

மண்டபத்தில் நாதஸ்வரம், தவில், ஒலிபெருக்கி, பந்திக்குக் கூப்பிடுகிற குரல். சாப்பாட்டுக் கூடத்து வாசலில் நாலைந்து பேர் எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏட்டி, அண்ணாச்சி எழுதுதது உன்னத்தானா? அந்தக் கேள்வி குறைஞ்ச பிள்ள நீதானா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவளும் தலையாட்டினாள்.

“பொறுங்கடே, நான் ஒண்ணு கேக்கேன்” என்று ஒருவர் முன்னால் வந்தார். அவள் தோளைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பி நிறுத்தினார். என் செய்முறையில் இந்த ஒரு பாதியை மட்டும் கட்டுரையில் எழுதியிருந்தேன். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னார்: “ஏட்டி, உன்னய ஒரு கழுதைக்குக் கெட்டிக் குடுத்துரலாமா?”

“ஆமா” என்றாள்.

“ஆமாங்கா பாரும்வே!”

வெற்றிலை எச்சில் தெறிக்கச் சிரித்தார்கள். அவள் திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். எல்லாரும் சிரிக்கிறார்கள் என்று கண்டுகொண்டு, கொஞ்சம் தாமதமாக, அவளும் சிரித்தாள். “அண்ணாச்சி எழுத்துல பொய்யே கெடையாதுவே” என்று ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்பை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

திரும்பி வரும்போது ரயிலில், நாங்குநேரி தாண்டியதும், பேத்தி கேட்டாள்: “அந்த மாமா என்ன கேட்டாங்க தாத்தா?”

“நல்லாப் படிக்கிறியான்னு கேட்டார்.”

“அப்ப நான் சொன்னது சரிதான்” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணத்தையும் நான் எழுதினேன். கழுதையோடுதான்.

5

ஆறாம் வகுப்பில் அவளுக்குத் தினமும் காலையில் வயிறு வலித்தது. மதிப்பெண் விழுந்தது. நாம் ‘சொல்வதெழுதுதல்’ என்பதை இங்கே ‘கேட்டெழுத்து’ என்கிறார்கள். நாம் சொல்கிறவன் பக்கமிருந்து பெயர் வைத்திருக்கிறோம், இவர்கள் கேட்கிறவன் பக்கமிருந்து. அதில் அவள் தாளை வெறுமையாகக் கொடுத்தாள். புது டீச்சர் அதே ‘கேள்வி’ என்ற சொல்லைச் சொன்னார், இந்த முறை பிரேமாவிடம். அந்த வாரமே பிரேமா ஒரு கேட்புப் பரிசோதனை நிலையத்தில் நாள் வாங்கினாள். நானும் கூடப் போனேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் கருவி மாட்டி, பீப் ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. ‘பார்த்தாயா’ என்பதுபோல நான் பிரேமாவைப் பார்த்தேன். பிறகு ஓர் இளம்பெண், அங்கே கேட்பியல் நிபுணர், வேறு சோதனைகள் வைத்தார். பேச்சோடு இரைச்சலைக் கலந்து கொடுத்தார். இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வெவ்வேறு சொல் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் என் பேத்தி தலையாட்டுவதும் விழிப்பதும் தெரிந்தது. என் வீட்டு முன்னறைதான் அது. மின்விசிறி மட்டும் இல்லை.

நாகர்கோவிலில் படித்தவராம், எங்களிடம் தமிழிலேயே விளக்கினார். காதில் குறை இல்லை. காது வாங்கிக் கொடுக்கும் ஒலியை மூளை பிரித்து அடுக்குவதில்தான் சிக்கல். சத்தம் இருந்தால், வேகமாகப் பேசினால், முகம் தெரியாவிட்டால், நெருங்கிய ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அறிவுக்குறைவு இல்லை, அடம் இல்லை. இரண்டு மொழி பேசுவதால் வந்ததும் இல்லை. “ரெண்டு பாஷைய நிறுத்த வேண்டாம். ஒரு பாஷை மட்டும் பேசற பிள்ளைகளுக்கும் இது இருக்கு” என்றார்.

அப்புறம் கேட்டார்: “வீட்ல எந்த மாதிரி சமயத்துல கஷ்டப்படறா? என்ன சத்தத்துல, எவ்வளவு தூரத்துல?”

பிரேமா யோசித்தாள். “சத்தம் இருந்தா...” என்று இழுத்தாள். பாவம், அவள் பார்த்ததே குழந்தை தூங்குகிற நேரமும் சாப்பிடுகிற நேரமும்தான்.

நான் பேசத் தொடங்கினேன். மின்விசிறி மெதுவாக ஓடினால் சமாளிப்பாள், வேகமானால் முடியாது. பெண் குரலைவிட ஆண் குரலில் அதிகம் தடுமாறுவாள். முகம் தெரிந்தால் பாதிக்குமேல் பிடித்துவிடுவாள். சமையலறை வாசல் தூரத்திலிருந்து சொன்னால் வாக்கியத்தின் கடைசிச் சொல்தான் நிற்கும். தண்ணீர் விழுகிற சத்தம்தான் எல்லாவற்றிலும் மோசம். எந்தெந்த எழுத்துகள் அவளுக்கு மாறிப்போகும் என்பதைக்கூட ஜோடி ஜோடியாகச் சொன்னேன்.

அந்தப் பெண் எழுதிக்கொண்டே வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “இவ்வளவு கவனமாப் பாத்திருக்கீங்களே! எல்லா வீட்லயும் உங்கள மாதிரி ஒரு தாத்தா இருந்தா எங்க வேலை பாதி குறையும்.”

நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன். “என்னமோ, நம்ம பிள்ளை” என்றுகூடச் சொன்னேன்.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். குழந்தை நடுவில். ஆட்டோ சத்தத்தில் அவளுக்குக் கேட்காது என்று பிரேமாவுக்கும் அதற்குள் தெரிந்திருந்தது.

“மாமா, தண்ணி விழுத சத்தம் மோசம்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

சொன்னேன். குழாயைச் சொன்னேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் நிஜமாகவே சொன்னதையும், நான் மறைத்ததையும் சொன்னேன்.

பிரேமா என்னைப் பார்த்து, “ச்சீ” என்றாள்.

மருமகள் மாமனாரைப் பார்த்துச் சொல்கிற சொல் இல்லை அது. இந்தக் கதையில் யாராவது சரியான சொல்லைச் சொன்னார்கள் என்றால் அது அவள்தான்.

6

அதற்குப் பிறகு எனக்கு வந்த வெறியில் அலுவலகம் அலுவலகமாக ஏறினேன். தேர்வில் கூடுதல் நேரம் கேட்கவேண்டும், அதற்குச் சான்றிதழ் வேண்டும். ஒரு மேசையில் அறிக்கையைப் புரட்டிவிட்டுச் சொன்னார்கள்: “கேள்வி நார்மல் ஆணல்லோ. பின்னெ எந்து சர்ட்டிஃபிக்கட்?” காதுதான் சரியாக இருக்கிறதே, பிறகு எதற்குச் சான்றிதழ் என்கிறார்கள். அடுத்த பக்கத்தைப் பாருங்கள் என்றேன். அடுத்த பக்கத்தில் இருந்தது அவர்கள் பட்டியலில் இல்லாத குறை. இன்னொரு மேசையில் தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். தமிழ் என்றேன். “அதாணு பிரஸ்நம்” என்று பேனாவை மூடினார் அந்த அதிகாரி. அதுதான் பிரச்சினையாம், வீட்டில் மலையாளம் பேசினால் சரியாகிவிடுமாம். அவர் மேசையை உதைக்க வேண்டும்போல இருந்தது. அதையே நான் ஒரு டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தவன்தானே என்று நினைவு வந்ததும் கால் கூசியது.

பள்ளியில் கொஞ்சம் இரங்கினார்கள். முன்வரிசையில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இடம் கொடுத்தார்கள். வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுதிப்போட ஒப்புக்கொண்டார்கள். நிபுணர் சொன்ன கருவியும் வந்தது. டீச்சர் கழுத்தில் ஒரு சின்ன மைக் மாட்டிக்கொள்வார், இவள் காதில் அதற்கான சிறு கருவி. வகுப்பு இரைச்சலைத் தாண்டி டீச்சர் குரல் நேரே அவள் காதுக்கு வரும். ரகசியமாகப் பதிவு செய்கிறார்கள் என்று சில பெற்றோர் கிளப்பிவிட்டார்கள். அதைத் தீர்க்கவே ஒரு மாதம் பிடித்தது.

டீச்சர் ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்து வெளியே போய், வராந்தாவில் நின்று தன் கணவரோடு தொலைபேசியில் சண்டை போட்டிருக்கிறார். முழுவதும் இவள் காதுக்குள் வந்திருக்கிறது. அவள் எழுந்துபோய்த் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். டீச்சருக்கு முகம் வெளுத்துவிட்டதாம். இதைப் பிரேமாவிடம் மட்டும் சொன்னாள். பிரேமா சொல்லித் தெரிந்து, என்ன சண்டை என்று நான் கேட்டபோது, “அது அவங்க காரியம்” என்றாள். எனக்கு அது கிடைத்திருந்தால் ஒரு கட்டுரை ஆகியிருக்கும்.

7

அவளிடம் மன்னிப்புக் கேட்டது பற்றிச் சொல்லவேண்டும். ஒரு சாயங்காலம், முன்னறையில். அவள் புத்தகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். பல நாள் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். தாத்தா உன்னைப் பரிகாசம் பண்ணி எழுதினது தப்பு, மன்னிச்சிடு. அவள் “சரி தாத்தா” என்று தலையாட்டினாள். எனக்குப் பாரம் இறங்கியது. இவ்வளவு சுலபமா என்றுகூட நினைத்தேன்.

பிறகுதான் எதிரில் நின்ற மின்விசிறியைப் பார்த்தேன். கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு லாரி பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு பேசியிருந்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. எல்லாருக்கும் சொல்வதைப்போல எனக்கும் ஒரு ‘சரி’ சொல்லியிருக்கிறாள்.

நிபுணர் கடைசியாகப் பார்த்தபோது எங்களிடம் கவலையோடு சொன்னதும் இதைத்தான். கருவி வந்துவிட்டது, பயிற்சி நடக்கிறது. ஆனால் கேட்காதபோது கேட்கவில்லை என்று சொல்ல இந்தப் பெண் மறுக்கிறாள். அதைச் சொல்லாதவரை எதுவும் முழுசாக உதவாது. ஏன் சொல்லமாட்டேன் என்கிறாள் என்று தெரியவில்லை என்றார். எனக்கும் பிரேமாவுக்கும் தெரியும்.

அந்த நிலைமையில்தான் இதழாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். “அண்ணாச்சி, ஆண்டு மலர் வருது. அந்தப் பிள்ள கத ஒண்ணு இருந்தாத்தான் களை கட்டும். ரெண்டு வருஷமா நீங்க எழுதவே இல்லியே.”

இனி அது வராது என்றேன். ஏன் என்றும் சொன்னேன். “அதையே எழுதுங்க அண்ணாச்சி. ஆனா ரொம்ப சோகமாயிராம, நடுவுல நடுவுல அந்தப் பழைய ஜோக்குல ஒண்ணு ரெண்டு...” ஃபோனை வைத்துவிட்டுக் கை கழுவினேன்.

பேத்தி பக்கத்தில் நின்றிருந்தாள். இப்போது எட்டாம் வகுப்பு.

“என்னக் குறிச்சு என்ன எழுதியிருக்க தாத்தா? அந்த புக்குல எல்லாம்?”

“அதெல்லாம் பழசு.”

“எனக்கு வாசிக்கத் தெரியாதே. நீ வாசி.”

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரியசாலை அடங்கிக் கிடந்தது. கடைகள் இல்லை, லாரி இல்லை. அவளே ஜன்னலைச் சாத்தினாள். மின்விசிறியை நிறுத்தினாள். ஒரு நாற்காலியை எனக்கு நேர் எதிரில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பள்ளிக்குத் தினமும் கொண்டுபோய் வரும் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, டீச்சர் மாட்டுகிற மைக்கை என் சட்டைக் காலரில் குத்தினாள். “இப்ப வாசி. மெதுவா. முகத்தக் காட்டி.”

பழைய இதழ்களை ஒவ்வொன்றாக வாசித்தேன். வியர்வை கழுத்தில் வழிந்தது. ஒரு நகைச்சுவையை இப்படி, எதிரில் இருப்பவள் முகத்தைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துச் சொல்லிப் பாருங்கள். அதில் எஞ்சுவது என்ன என்று தெரியும். என் வரிகள் அழுகிய பழம்போல என் வாயிலேயே நாறின. அவள் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. பாடம் கேட்பதுபோலக் கேட்டாள். பிரேமா வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

கல்யாணக் கட்டுரை வந்தது. தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். காலரில் மைக் இருந்தது. வாசித்தேன். “உன்னை ஒரு கழுதைக்குக் கட்டிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார்.”

“ஆங்?” என்றாள்.

மறுபடி வாசித்தேன்.

“ஆங்?”

அவள் கண் என் வாயின் மேலேயே இருந்தது. முதல் தடவையே கேட்டுவிட்டது என்று அவள் முகத்தில் தெரிந்தது. மூன்றாவது தடவையும் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, அவளுக்கு மட்டும்தான் போயிருக்கும்.

“நல்லாப் படிக்கிறியான்னு கேட்டார்னு சொன்ன. ட்ரெயின்ல.”

“பொய் சொன்னேன்.”

“ம்.” எழுந்து வந்து என் காலரிலிருந்து மைக்கைக் கழற்றினாள். மின்விசிறியைப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றைக்கு அதற்குமேல் என்னோடு பேசவில்லை.

மன்னித்துவிட்டாளா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நடந்தது இவ்வளவுதான். அவள் என்னிடம் எல்லாவற்றுக்கும் “ஆங்?” என்கிறாள். விருந்தாளி முன்னால் சொல்கிறாள், பஸ்ஸில் சொல்கிறாள், எவ்வளவு தெளிவாகச் சொன்னாலும் சொல்கிறாள். சில சமயம் “ஒண்ணுகூடி” என்பாள், இன்னொரு தடவை என்பதற்கு இங்கே அப்படித்தான். நான் மறுபடி சொல்கிறேன். பள்ளியிலும் இந்தப் பருவத்தில் நாலைந்து தடவை கையைத் தூக்கி “கேட்டில்ல டீச்சர்” என்றிருக்கிறாளாம். பிரேமா சொன்னாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

நேற்றுக் காலை சாப்பாட்டு மேசையில் கேட்டேன், இன்னொரு தோசை வைக்கவா என்று.

“ஆங்?”

என் தட்டை வைத்துவிட்டு எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய் அவளுக்கு எதிரில் நின்று, முகத்தைக் காட்டி, மறுபடி கேட்டேன்.

“முதல்லயே கேட்டுது தாத்தா.”

“பின்ன எதுக்கு ஆங்?”

“ஒண்ணுகூடி சொல்லுவியான்னு பாத்தேன்.”

தோசை வேண்டாம் என்றாள்.